ஜமீன்தார் சாப்பிட மாட்டேன் என்கிறார்

அம்மா வேலை பார்க்கும் உயிரியல் பூங்காவில் ஓர் அரணை இருந்தது. அது ஒரு சின்னத் தீவின் அரணை. அந்தத் தீவில் புதர்களை எல்லாம் வெட்டி வழித்துவிட்டு விடுதிகள் கட்டினார்கள். புதர் போச்சு, அரணைகளும் போச்சு. அந்த இனத்தில் மிச்சம் இது ஒன்றுதான். சொந்தமாகப் பிடி மண்கூட இல்லாத அதற்கு அம்மா வைத்த பேர் ஜமீன்தார்!

ஜமீன்தார் சில நாளாகப் பட்டினி. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருத்துவர் வந்து பார்த்து, நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே கிடந்தால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி விட்டதும் மகள் வாலு அங்கேதான் வருவாள். அது வீட்டில் கூப்பிடும் பேர், காரணம் கேட்காதீர்கள். அன்று அவளுக்குச் சேட்டை செய்யக்கூடத் தெம்பில்லை. அம்மாவுக்கோ இடுப்பே விட்டுப்போயிருந்தது. ஆனாலும் கண்ணாடிப் பெட்டியைக் கழுவினாள். பழைய சருகைக் கூடையில் கொட்டினாள், கல்லைத் தேய்த்தாள், புதுச் சருகு போட்டாள். எல்லாம் தினமும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது புது மேலாளரின் கட்டளை.

உள்ளே விட்டதும் ஜமீன்தார் மூலைக்கு மூலை ஓடினார். நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்து எதையோ தேடினார். கிடைக்காமல் சோர்ந்து படுத்துவிட்டார். வாலு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

“அம்மா, புது வீட்டுக்கு வந்த அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலையே, ஞாபகம் இருக்கா?”

“அதுக்கென்ன இப்போ?”

“இதுக்கு நாம தினமும் வீடு மாத்துறோம்மா.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவம், நல்லது செய்கிறோம் என்றுதானே இத்தனை நாள் இடுப்பொடியத் தேய்த்தாள்!

இருவரும் பழைய சருகைக் கூடையிலிருந்து எடுத்து மறுபடி போட்டார்கள். மறுநாள் பெட்டியைக் கழுவவில்லை. மேலாளர் முகம் சுளித்தார். சருகுக்குள் போன ஜமீன்தார் தலையே காட்டவில்லை என்று பார்க்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திட்டை எல்லாம் அம்மா வாங்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் சருகு அசைந்தது. மூக்கு மட்டும் வெளியே வந்தது. லபக்! புழுவைக் காணோம்.

வாலு சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது.

“இதுக்குத் துணைன்னு இனி ஒண்ணுகூட வராதாம்மா?”

“வராதுடி,” என்றாள் அம்மா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை விரித்தாள். சருகுக்குள், தன் வீட்டில், ஜமீன்தார் இரண்டாவது புழுவைத் தின்றுகொண்டிருந்தார்.