வெறும் பதற்றம் இல்லை

"நீங்களும் பதற்றம்னுதானே எழுதப் போறீங்க?"

அந்த நீச்சல் பயிற்சியாளர் ஈ.சி.ஜி. தாளை மேஜைமேல் எறியாத குறையாக வைத்தாள். வெளியே கொட்டும் மழை. குடையில்லாமல் வந்தவளின் இமைகளில் இன்னும் துளிகள்... கண்களிலோ அனல்.

பின்னே, கோபம் வராதா? குளத்தில் நிற்கும்போதே திடீரென்று நெஞ்சு தறிகெட்டு ஓடும்; கண் இருட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். போன இடமெல்லாம் தூக்க மாத்திரை. கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஒரு பெரிய டாக்டரே அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். இதற்கா இத்தனை வருஷம் படித்தார்கள்? இன்று வழக்கமான இதய டாக்டர் லீவாம். அவருக்குப் பதில் இந்த இளம் டாக்டர். இவன் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறான்?

அவன் தாளின் தலையில் இயந்திரமே அச்சடித்திருந்த 'நார்மல்' என்ற சொல்லை விரலால் மறைத்தான். கீழே, துடிப்பின் தொடக்கத்தில் நிமிர்ந்து எழவேண்டிய கோடு மெல்லச் சாய்ந்து ஏறியது.

"இது பதற்றம் இல்லைங்க. இதயத்துல மேலிருந்து கீழ மின்சாரம் இறங்க ஒரு பாதைதான் இருக்கணும். உங்களுக்குப் பிறவியிலேயே கூடுதலா ஒண்ணு இருக்கு. எல்லாரும் மேல அச்சடிச்சதை மட்டும் படிச்சிருக்காங்க."

அப்படியானால் இத்தனை நாள் விழுங்கிய மாத்திரைகள்? கோபம் இரட்டிப்பானது. ஆனாலும்... ஒருவன் நம்பிவிட்டான்! அழுகையே வந்துவிட்டது.

தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அந்தப் பாதையைக் கண்டுபிடித்துச் சூடு வைத்து அடைத்துவிடலாம் என்றான். அதன் பிறகு சந்தேகம் கேட்க அடிக்கடி வந்தாள். சில சந்தேகங்கள் வழியில் யோசித்து வைத்தவை. அவன் எல்லாவற்றுக்கும் சிரிக்காமல் பதில் சொன்னான்.

சிகிச்சைக்கு முந்தின நாள் தலையில் குண்டைப் போட்டான். நாளை அவன் செய்யப் போவதில்லையாம். சீனியர் டாக்டர் மேடம் செய்வாராம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ப வச்சுட்டு நீங்களும் கை கழுவுறீங்க, இல்ல?"

"கை கழுவல..." அவன் காதுமடல் சிவந்தது. "மனசுக்குப் பிடிச்சவங்க நெஞ்சுக்குள்ள கம்பி விடுற தைரியம் எனக்கில்ல. உங்க டாக்டரா இருந்துக்கிட்டு இதைச் சொல்லவும் கூடாது. அதான் முதல்ல கேஸை மாத்திட்டேன்."

அவள் நெஞ்சு படபடத்தது. பழக்கதோஷத்தில் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தறிகெட்டு ஓடவில்லை... வேகமாக, ஆனால் சீராக அடித்தது.

"முதல்ல நான் நல்லாகி வர்றேன்," என்றாள், கோபம் இன்னும் முழுசாக இறங்காத குரலில். "அப்புறம் எங்க வீட்டுக்கு வந்து, உங்க பொண்ணுக்குப் பதற்றம் இல்லைன்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். அப்படியே... இதையும் சொல்லிடுங்க."