பார்வை நிற்கும் இடம்

பால் குடித்து முடித்த குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் எதை மறைத்துக்கொண்டிருந்ததோ அதைப் பார்க்கத் தலையைச் சாய்த்தது.

சின்ன விஷயம்தான். பேருந்து நிறுத்தத்தில் முன்னால் ஒருவர் நின்று மறைத்தால், பின்னால் நிற்பவர் எந்த வண்டி வருகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு சாய்ப்பு. பதினோரு வாரக் குழந்தைக்குத் தலை இன்னும் சரியாக நிற்கக்கூட இல்லை. ஆனாலும் அந்தச் சாய்ப்பில் ஓர் அவசரம் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே தானும் அந்தப் பக்கம் சாய்ந்தாள். குழந்தை மறுபக்கம் சாய்ந்தது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர், அதில் மதிய வெயில், வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல். வேறொன்றும் இல்லை.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பெண். பிறக்கும்போதே கன்னம் கழுத்தை மூடியிருந்ததால், அப்பாக்காரன் ஆஸ்பத்திரியிலேயே ‘உருண்டை’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வேறு பெயர் பிறப்புச் சான்றிதழில்தான் இருந்தது. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். காலையில் போனால் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பான் என்று சொல்ல முடியாது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள், இப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. பகல் முழுக்க அவளும் உருண்டையும் மட்டும்.

தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று அச்சடித்திருந்தார்கள். மூன்றாம் மாதத்துக்குள் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் என்று அதில் இருந்தது. அந்த வரியைத் தினமும் படித்துப் படித்து அட்டையின் மடிப்பு கிழிந்துபோயிற்று. சிவப்புக் கரண்டியை முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தாள். கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வந்த பக்கம் காது போகும், கண் போகாது. கண்ணுக்கு வேறு வேலை இருந்தது. சுவரின் ஒரு மூலையில் தொடங்கி, அலமாரியைக் கடந்து, கதவு வரைக்கும் மெதுவாகப் போய், அங்கே நிற்கும். நின்ற இடத்தில் கால் மணி நேரம்கூட அசையாது.

புருஷனிடம் சொன்னாள். உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பாள், இனி என் மூஞ்சியைக் காட்டிப் பார்ப்போம் என்று அவன் கிண்டல் செய்தான். காட்டினான். உருண்டை அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். அன்று ராத்திரியே அவன் மறுநாளுக்கு விடுப்புச் சொன்னான். காலையில் இரண்டு பேருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா நிதானமானவர். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, உள்ளே எல்லாம் பார்த்தார். ஒரு மஞ்சள் வாத்துப் பொம்மையை எடுத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். உருண்டையின் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. அவள் மூச்சை விட்டாள். அத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அது என்று அப்போதுதான் தெரிந்தது.

“பார்வை நல்லா இருக்கும்மா,” என்றார் டாக்டர். “கண்ணு எவ்வளவு வழுக்கிக்கிட்டுப் போகுது பாருங்க. எதையாவது பின்தொடரும்போதுதான் இப்படிப் போகும். ஒண்ணுமே இல்லாத இடத்துல பெரியவங்களால கூட கண்ணை இப்படி நகர்த்த முடியாது. தாவித் தாவித்தான் போகும்.”

சொல்லிவிட்டுப் பொம்மையை மேஜையில் வைத்து, சீட்டு எழுதக் குனிந்தார். புருஷன் சட்டைப்பையில் பேனாவைத் தேடி நீட்டினான். உருண்டையின் கண்கள் இன்னும் போய்க்கொண்டிருந்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள். பொம்மை நின்ற இடத்தைத் தாண்டி, டாக்டரின் முதுகுக்குப் பின்னால், ஒரே சீராக, வழுக்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் போனில் தன் கண்ணையே படம் எடுத்தாள். வெறும் சுவரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் அவள் கருவிழி குருவி நடப்பதுபோல் தத்தித் தத்தித்தான் போயிற்று. பிறகு உருண்டையின் கண்ணைப் படம் எடுத்தாள். அதே சுவர். எண்ணெய் மேல் எண்ணெய் போல நகர்ந்தது குழந்தையின் பார்வை. போனை அணைத்து, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வாரம் மாறுகண் மாதிரி ஆரம்பித்தது. சில நேரம் மட்டும் இரண்டு கருவிழியும் மூக்குப் பக்கம் திரும்பும். குளிப்பாட்டும்போது சரியாக இருக்கும், தூங்கி எழுந்ததும் சரியாக இருக்கும். தொட்டில் கட்டிலில் மல்லாக்கப் போட்டால் திரும்பிவிடும். டாக்டருக்குப் போன் செய்தார்கள். இந்த வயதில் வந்து வந்து போவது சகஜம், ஆறு மாதத்துக்கு மேலும் நின்றால் கூட்டி வாருங்கள் என்றார். நியாயமான பதில்தான். கேட்டுவிட்டுப் புருஷன் நிம்மதியாக வேலைக்குப் போனான்.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒன்பது வருடமாக அவள் செய்தது ஒரே வேலை. கண்ணாடி போட வருபவரை எதிரே உட்கார வைத்து, சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் பிடித்து, ஒரு கண்ணின் பாப்பாவுக்கும் மறு கண்ணின் பாப்பாவுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கச் சொன்னால் ஓர் அளவு. கையிலிருக்கும் பேப்பரைப் படிக்கச் சொன்னால் மூன்று, நான்கு குறையும். பொருள் கிட்டே வர வர இரண்டு கண்ணும் ஒன்றை ஒன்று நெருங்கும். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அது எல்லாருக்கும் ஒன்றுதான், குழந்தைக்கும் அதேதான்.

ஸ்கேலை எடுத்தாள். குளியலில் நாற்பது இருந்தது தொட்டிலில் முப்பத்தொன்பது. பார்வையின் நேர்கோட்டைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். அது தொட்டிலின் கால்மாட்டுக் கம்பிக்குச் சற்று மேலே முடிந்தது. இரண்டு நாள் கழித்து முப்பத்தெட்டு. கம்பிக்கு உள்பக்கம்.

அதன் பிறகு அவள் அறையின் சத்தங்களைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். விசிறியின் ஓட்டம், குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம், கீழ்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே தொட்டிலின் மரம் அவ்வப்போது மெல்ல முனகியது, எடையுள்ள ஒருவர் கைகளை ஊன்றிக் குனியும்போது முனகுவதைப் போல. பூச்சாடியில் நாள்பட்டுப்போன தண்ணீரின் வாடை ஒன்று தொட்டிலருகே மட்டும் இருந்தது. விரிப்பை மாற்றினாள், தரையைக் கழுவினாள், வாடை போகவில்லை. தொட்டிலுக்கு மேலே ஐந்து துணிப் பறவைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். விசிறிக் காற்றில் நான்கு சுற்றின. ஐந்தாவது, எதன் மேலோ சாய்ந்ததுபோல, ஒருக்களித்து நின்றது.

தொட்டிலை அடுத்த அறைக்கு இழுத்துப் போட்டாள். அன்று முழுக்கக் கண் நேராக இருந்தது. மறுநாள் காலை முப்பத்தாறு.

அவள் சொல்வதைப் புருஷன் முழுதாகக் கேட்டான். சிரிக்கவில்லை. தூக்கம் போதாமல் இப்படித் தோன்றலாம், உன் அக்காவை வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொல்லலாம் என்று தணிந்த குரலில் சொன்னான். பிறகு, அங்கே ஒன்றுமில்லை என்பதை அவளுக்கு நிரூபித்துக் காட்டிவிட எழுந்து தொட்டிலருகே போனான். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. உருண்டை மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கருவிழியும் மூக்கை ஒட்டித் திரும்பியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவன் கையை நீட்டிக் குழந்தையின் முகத்துக்கு மேலே வெறுங்காற்றில் குறுக்காக வீசினான். ஒரு தடவை. இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, இன்னொரு தடவை.

மூன்றாவது தடவை கை பாதியில் நின்றது.

அவன் நிறுத்தவில்லை. நின்றது.

கையை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தான். நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். வெகுநேரம் கை கழுவும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் கையைத் துடைக்கக்கூட இல்லை.

“பையை எடு,” என்றான். “உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்.”

“என்னங்க ஆச்சு?”

“இங்க வேணாம். போற வழியில சொல்றேன்.”

போகிற வழியில் அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வாடகைக் காரின் பின்சீட்டில் நடுவே குழந்தை, இருபக்கமும் இவர்கள். வலது கையை அவன் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தான். உருண்டை தூங்கிவிட்டாள். தூங்கும் குழந்தையின் மூடிய இமைக்குக் கீழே கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அக்கா வீடு எப்போதும் சந்தை மாதிரி இருக்கும். டிவி ஒரு பக்கம், மிக்ஸி ஒரு பக்கம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு வாண்டுகள் ஒரு பக்கம். அத்தான் ஒன்றும் விசாரிக்காமல் தன் அறையைக் காலி செய்து கொடுத்தார். அந்த இரைச்சலில் அவள் மூன்று வாரத்தில் முதல் முறையாக அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். எழுந்தபோது பத்து மணி. புருஷன் வேலைக்குப் போயிருந்தான், வாண்டுகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கூடம் முழுக்க வெயில். அக்கா சோபாவில் உட்கார்ந்து உருண்டையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு வாசனை. பயப்பட எதுவுமே இல்லாத கூடம்.

“கண்ணு சரியில்லைன்னு அழுதுக்கிட்டே வந்த,” என்றாள் அக்கா. “நீ எழுந்து வந்ததுலேர்ந்து உன்னையேதான்டி பாக்குறா.”

பார்த்தாள். உண்மைதான்.

உருண்டையின் இரண்டு கண்ணும் அவள் பக்கம் இருந்தன. சுவரில் இல்லை, கதவில் இல்லை, தோளுக்கு மேலே இல்லை. அவள் வலப்பக்கம் ஓர் அடி வைத்தாள். கண் கூடவே வந்தது. இடப்பக்கம் வைத்தாள். வந்தது. குழந்தையின் உதடு விரிந்தது, பல்லில்லாத ஈறு தெரிந்தது, கன்னம் இரண்டும் மேலே ஏறிக் கண்ணை இடுக்கின. சிரிப்பு. பதினான்கு வாரமாக அவள் காத்திருந்த சிரிப்பு. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து கிட்டே போனாள். “அம்மாடா,” என்றாள். “அம்மா பாரு.”

உருண்டை சிரித்தபடி பார்த்தாள்.

கடையில் பழகிய கண் அது. வேண்டாம் என்றாலும் அளக்கும். ஸ்கேல் தேவையில்லை.

குழந்தையின் பார்வை அவள் முகத்தில் முடியவில்லை.

சற்று முன்னாலேயே முடிந்தது. ஒரு சாண்.

அவள் நகர்வதை நிறுத்தினாள். பின்னால் சாய்ந்தாள். குழந்தையின் கருவிழிகள் மயிரிழை விலகின. பார்வை அவளோடு பின்னால் வந்தது. இன்னும் சாய்ந்தாள். இன்னும் விலகின. அதே ஒரு சாண். அவள் முகத்துக்கு முன்னால். அவள் எங்கே போனாலும் முன்னால்.

அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காது அடைத்துக்கொண்டது. மெஷின் சுற்றுவது தெரிந்தது, சத்தம் இல்லை. வெயில். தரையில் அவள் நிழல். அதில் எந்த மாற்றமும் இல்லை. எதிரே காற்று. காற்றுக்கு அப்பால் அவள் குழந்தை, கையை நீட்டி, சிரித்துக்கொண்டு.

அவள் அசையவில்லை. கையைத் தூக்கத் துணிவில்லை. கண்ணை மூடத் துணிவில்லை. நெஞ்சுக்குள் நின்றிருந்த மூச்சு முட்டியது. எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும். உதட்டைக் குவித்து, மெதுவாக, மிக மெதுவாக, முன்னால் ஊதி விட்டாள்.

அந்த மூச்சு எதன் மேலோ பட்டு, சூடு மாறாமல், அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.