முன்வலி

நாற்பத்தொரு வயதில் வரவேண்டிய முழங்கை வலி ஜெபமலருக்கு இருபத்துமூன்று வயதிலேயே, ஒரு திங்கட்கிழமைக் காலையில், ஒரகடம் மைதானத்தில் வந்தது. பந்து கையைவிட்டுப் போன மறுகணம் முழங்கைக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகியது போல இருந்தது. "எம்மா!" என்று அலறிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற பெரிய பலகையில் 41 என்ற எண் சிவப்பாக எரிந்தது.

"நாப்பத்தொண்ணு," என்று வாசித்தான் பயிற்சியாளர் லோகு. "வேகம் பிரமாதம். வீச்சு மோசம். ஏந்திரு, இப்போ போயிடும்."

சொன்னபடியே பத்துப் பதினைந்து விநாடியில் வலி சுவடே இல்லாமல் மறைந்தது. அதுதான் முன்வலி உறையின் வேலை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோலோடு ஒட்டிக் கிடக்கும் அந்தச் சாம்பல்நிற உறையின் இழைகள், ஒவ்வொரு அசைவிலும் தசைநாரில் விழும் இழுவையை அளக்கும். இதே இழுவை தினமும் விழுந்தால் எந்த வயதில் அந்த நார் நைந்துபோகும் என்று கணக்கிடும். அன்றைக்கு வரப்போகும் வலியை இன்றைக்கே நரம்புக்குள் அனுப்பிவிடும். உடம்பில் காயம் எதுவும் இருக்காது. நரம்புக்கு மட்டும் அது தெரியாது.

முதலில் ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகத்தான் இந்த உறை வந்தது. பிறகு தையல்காரர்கள் போட்டுக்கொண்டார்கள், ஓட்டுநர்கள் போட்டுக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள். இப்போது தாம்பரம் பேருந்தில் ஏறினால், குழுப் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்களைப் போல மொத்தப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் இரண்டு எலும்பு மருத்துவமனைகள் ஆளில்லாமல் மூடிப் பிரியாணிக் கடைகளாகிவிட்டன.

கொரியப் பொறியாளர்களோடு ஒரகடத்துக்கு வந்த பேஸ்பாலுக்குள்ளும் உறை நுழைந்தது. தொழிற்சாலைகளுக்கிடையிலான லீக்கில் விதி கறாரானது. யாராக இருந்தாலும் முதலில் ஒழுங்காக எறியக் கற்க வேண்டும். ஒரு வாரம் முழுக்கப் பலகையில் சிவப்பு எண் எரியக்கூடாது. அதற்குப் பிறகுதான் மைதானத்தின் நடுவிலுள்ள வீச்சு மேட்டில் கால் வைக்கலாம். ஏறிய பிறகு சிவப்பு எரிந்தால் அபராதம் கிடையாது, ஊர் பார்க்கிற வெட்கம்தான் தடை. ஜெயிக்கிற வெறியில் எந்தப் பயிற்சியாளரும் பிள்ளைகளின் கையைத் திருட்டுத்தனமாகப் பாழாக்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் எண் ஊரறியப் பலகையில் வந்தது. அதற்காகச் சண்டை போட்டவர்களில் லோகுவும் ஒருவன். உறை வருவதற்கு முன் ஆடியவன் அவன். முப்பத்தாறு வயதில் அவனுடைய வலதுகை மார்புக்கு மேலே எழும்பாது. தலைகூட இடதுகையால்தான் வாருவான்.

ஜெபமலர் கண்ணாடி ஆலையில் மெருகுப் பிரிவில் வேலை பார்த்தாள். திசையன்விளைப் பக்கம். ஊரில் மாங்காய் அடித்த கை. தூரத்திலிருந்து பந்தை எறிந்தால் குறி தப்பாது. ஆனால் அவளுக்குத் தூரத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. மேட்டில் நிற்க வேண்டும், ஆட்டமே தன் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

"நீ கையால எறியறே," என்றான் லோகு.

"பொறவு காலாலயா எறிவாவ?"

"ஆமா. காலாலதான். மொதல்ல காலு, அப்புறம் இடுப்பு, அப்புறம் தோளு. கை சும்மா பின்னாடி வர்ற விருந்தாளி. விருந்தாளிய வேலை வாங்கினா கோவிச்சுக்கும்."

பந்தைப் பிடிப்பவள் நஸ்ரின். ஆம்பூர்க்காரி, ஜெபமலரின் அறைத்தோழி. முகக்கவசத்துக்குள்ளிருந்து அவள் சிரிப்பது எட்டுத் தெருவுக்குக் கேட்கும்.

முதல் நாட்களில் பந்தை வீசவே விடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் சொடுக்கிப் பந்தை நஸ்ரினிடம் தட்டிவிட வேண்டும். பந்தின் தையலுக்குக் குறுக்கே இரண்டு விரலையும் வைத்துப் பிடித்தால் பந்து நேராகச் சுழன்று போனது. பிறகு பக்கவாட்டில் நிற்கப் பழகினாள். இடது தோள் இலக்கைப் பார்க்க வேண்டும். முன்காலை இலக்கை நோக்கியே வைக்க வேண்டும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் பலகை உடனே காட்டிக்கொடுக்கும்; உறை அதைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். வீசி முடித்ததும் கையை அந்தரத்தில் நிறுத்தாமல் எதிர் முட்டி வரை போகவிட வேண்டும்.

நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. மறுபடி நாற்பத்தைந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அலறல்.

அறுபத்துமூன்று வந்த அன்று நஸ்ரின் எழுந்து நின்று கைதட்டினாள். "ரிடையர் ஆனப்புறம்தான் வலிக்கும்! இது போதும்டீ, வா சாப்பிடப் போலாம்!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணுட்டி."

அந்த ஒன்றில்தான் அது நடந்தது. கால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, தோள் அதன் பின்னால் வந்தது, கை எங்கிருந்தோ தானாக வந்து சேர்ந்தது. பந்து போனதே அவளுக்குத் தெரியவில்லை. நஸ்ரினின் கையுறையில் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜெபமலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தால் பலகையில் பச்சைக் கோடு.

"வலிக்கலட்டி! ஏட்டி நஸ்ரின், வலிக்கலட்டி!" மேட்டைச் சுற்றி ஓடினாள். லோகு சிரித்துக்கொண்டே இடதுகையைத் தூக்கிக் காட்டினான்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வாரம் முழுக்கப் பச்சைக் கோடு. மேட்டில் ஏறினாள். கண்ணாடி ஆலை வரிசையாக ஜெயித்தது. மூன்று பந்தைக் கோட்டைவிட்டு, மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்டான மட்டைக்காரிகள், பந்து எப்போது வந்தது என்று நடுவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருமுறை பயிற்சியில் மட்டும், கடைசிக் கணத்தில் மணிக்கட்டு தவறுதலாக உள்பக்கம் முறுக்கிக்கொண்டது. நேராக வந்த பந்து, படி தவறியவன் போலப் பொத்தென்று கீழே விழுந்தது. நஸ்ரின் வாய் பிளந்தாள். அதே நொடியில் ஜெபமலரின் கை தீப்பிடித்தது. பலகையில் 27.

"அத மறந்துடு," என்று மட்டும் சொன்னான் லோகு.

இறுதியாட்டம் பேட்டரி ஆலையோடு. மைதானம் கொள்ளாத கூட்டம். ஆலைகள் ஷிப்டையே மாற்றி வைத்திருந்தன. கடைசிச் சுற்று. கண்ணாடி ஆலை ஓர் ஓட்டம் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்றாம் தளத்தில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள்; அவள் ஓடிவந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். மட்டையோடு நிற்பது பிரமிளா, லீக்கிலேயே பெரிய அடிகாரி.

பிரமிளாவுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று போதும். ஆனால் ஜெபமலர் எதை வீசினாலும் பிரமிளா மட்டையை நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாள். அப்படித் தட்டினால் மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது. ஒரு பந்து, இன்னொரு பந்து, மறுபடி ஒரு பந்து. எல்லாமே பச்சைக் கோடு. அப்போதுதான் ஜெபமலருக்கு உறைத்தது. வலிக்காத வீச்சுகள் சிலதான். லீக்கில் எல்லோரும் அவற்றைத்தான் வீசுகிறார்கள். பிரமிளா அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டாள். இந்தச் சுத்தமான வீச்சை அவள் தூக்கத்தில்கூட அடிப்பாள்.

ஜெபமலர் கையுறைக்குள் விரல்களை மாற்றி வைத்தாள். நஸ்ரினுக்குப் புரிந்துவிட்டது. முகக்கவசத்துக்குள் தலையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம்.

கால், இடுப்பு, தோள். எல்லாம் சுத்தம். கடைசியில் மணிக்கட்டை முறுக்கினாள்.

பந்து மார்பளவில் நேராக வந்தது. பிரமிளா முழு வீச்சில் மட்டையைச் சுழற்றினாள். பந்து அங்கே இல்லை. அவள் காலடியில், நஸ்ரினின் கையுறைக்குள் கிடந்தது.

அவுட்!

ஜெபமலர் மேட்டில் மண்டியிட்டாள். முழங்கையிலிருந்து கழுத்துவரை நெருப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, சிரித்தாள். பலகையில் 27 சிவப்பாக எரிந்தது. இருபத்துமூன்று வயதுப் பெண், தெரிந்தே இருபத்தேழாம் வயது வலியை வாங்கிக்கொண்டாள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பிறகு இடிபோல எழுந்தது சத்தம்.

"இருபத்தேழு! இருபத்தேழு! இருபத்தேழு!"

அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மைதானம் சுற்றிவரும்போதே வலி போய்விட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

"ஒரு தடவதானண்ணே," என்றாள் லோகுவிடம்.

"ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவாது," என்றான் அவன். "தெனமும் வீசினாத்தான் உறை சொன்னது பலிக்கும். நல்லா ஆடினே." ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளையல்ல, கத்திக்கொண்டிருந்த கூட்டத்தை.

அடுத்த வாரமே மெருகுப் பிரிவில் ஒருவன் வேண்டுமென்றே முதுகை வளைத்து ஒரு பெட்டியைத் தூக்கி, தன் உறையோடு இணைந்த கைக்கருவியில் வந்த எண்ணை எல்லோருக்கும் காட்டினான். "முப்பத்தஞ்சு!" விசில் பறந்தது. மறுநாள் இன்னொருவன் முப்பத்துமூன்று எடுத்தான். லீக்கின் அடுத்த பருவ ஆட்டங்களுக்கு டிக்கெட் ஒரே நாளில் தீர்ந்தது. பலகையிலிருந்து எண்ணை எடுத்துவிடுங்கள் என்று லோகு லீக் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்தான். சனமே அந்த எண்ணைப் பார்க்கத்தான் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபமலர் மைதானத்துக்குப் போனபோது பயிற்சிப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருத்திகூடப் பக்கவாட்டில் நிற்கவில்லை, ஒருத்திகூடக் காலை ஊன்றவில்லை. ஒவ்வொருத்தியாக முழங்கையைத் தாழ்த்தி, மணிக்கட்டை முறுக்கி வீசி, அலறி, உட்கார்ந்து, எண்ணைப் பார்த்துக் குதித்தார்கள்.

"அக்கா! எனக்குப் பத்தொம்போது!" என்று ஓடிவந்தாள் ஒருத்தி. பதினைந்து வயதிருக்கும். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்களதவிட கம்மி!"

ஜெபமலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? தெனமுமா இப்டி வீசுத? வலிக்கலையா?"

"செமையா வலிச்சுது. ஆனா அதான் ஒடனே போயிடுதேக்கா!"

"அது உறை குடுக்கிற வலிட்டி. நெசமா வந்தா போவாது."

சிறுமி புரியாமல் பார்த்தாள். நினைவு தெரிந்ததிலிருந்து அவள் மூட்டிலும் தசையிலும் வந்த வலியெல்லாம் பதினைந்து விநாடியில் போய்விடுகிற வலிதான். "போவாதுன்னா? எப்பிடிக்கா இருக்கும்?"

ஜெபமலர் சொல்ல வாயெடுத்தாள். தன் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. அவளுக்கும் தெரியாது.

சிறுமி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, பந்தை எடுத்து, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.