பேரில்லாத பிள்ளைக்குத் தண்ணீர்

ஹில்டாவுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. விடிந்ததிலிருந்து தெருக்குழாய்க்கும் வீட்டுக்குமாகக் குடம் சுமக்கிறாள். வழக்கமாக அம்மா சுமக்கும் குடம் அது. அம்மாவுக்கு இப்போது நிறைமாதம்.

கடைசிக் குடத்தைக் குசினியில் இறக்கிவிட்டுத் திரும்பினாள். அம்மா சுவரோரம் அசையாமல் நின்றாள். முகம் கடற்கரைப் பக்கம் இருந்தது.

"ஏளா, கேக்குதா?"

ஆடி மாதத்துக் கச்சான் காற்று மணலை வாரித் தகரக் கூரையில் இறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே மெல்லிதாக ஓர் அழுகை. பச்சைப்பிள்ளை அழுவது போல. யாரோ வாயைப் பொத்தியது போலச் சட்டென்று நின்றது.

"அவன்தான்" என்றாள் அம்மா.

அவன் ஹில்டாவின் தம்பி. முந்திய வருஷம் பிறந்த கையோடு செத்துப்போனான். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அதனால் பேரும் இல்லை. பேரில்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை என்றார்கள். அப்பா அவனைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், கல்லறை மதிலுக்கு வெளியே மணலில் புதைத்துவிட்டு வந்தார்.

"பேரு வையி, பேரு வையின்னுதான் அழுதுகிட்டு கெடக்கான். இப்ப வரப்போற பிள்ளையையும் துணைக்குக் கூப்பிடுதான்" என்று பத்து நாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் கொளுத்திப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பிரசவத்துக்குச் சேர்த்து வைத்த பழந்துணி மூட்டையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னால், "பூனையா இருக்கும்ளா" என்பார். புதுத் துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்துவிட்டு வருகிறவர். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிடும்.

மறுநாள் காலையில் மருத்துவச்சி ருகையா வந்தாள்.

"அல்போன்சா, பழந்துணியெல்லாம் அவிச்சுக் காயப்போட்டியா?"

"இல்ல" என்றாள் அம்மா.

"புது பிளேடு, வெள்ளை நூலு?"

"இல்ல."

"கஞ்சியாவது குடிச்சியா?"

அம்மா கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிள்ளை பெறுறது மூட்டை தூக்குற மாதிரி. வெறும் வயித்தோட தூக்குனா மூட்டையோட நீயும் சேர்ந்து விழுவ. ஒம்புருஷனக் கேட்டுப் பாரு" என்று ருகையா சத்தம் போட்டாள்.

வாசலுக்கு வந்ததும் ஹில்டாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "இப்படியே கெடந்தா வலி தாங்கப் பெலன் இருக்காது மவளே. ரெண்டு உசுரு. எனக்கே பயமா இருக்கு."

யாருக்கும் பயப்படாத ருகையாவே பயந்துவிட்டாள். இனி தானே ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஹில்டாவுக்குப் பட்டது.

பேர் கேட்டுத்தானே தம்பி அழுகிறான்? வைத்துவிட்டால் போயிற்று. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். செத்தவனுக்குக் கொடுக்கலாமா என்று சிஸ்டர் சொல்லவில்லை. ஹில்டாவும் கேட்கப் போவதில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்.

மத்தியானம் ஒரு மருந்துப் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இனிகோ என்று பேரும் யோசித்து வைத்திருந்தாள்.

கரையில் ஒரு ஆள் இல்லை. கச்சான் காலத்தில் தோணிகள் ஓடாது. எல்லாவற்றையும் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். காற்று அவற்றின் பலகை இடுக்குகளில் நுழைந்து ஊளையிட்டது. ஹில்டா திரும்பிப் பார்த்தாள். அவள் நடந்து வந்த தடம் ஒன்றுகூட மணலில் இல்லை. யாருமே வராத மாதிரி இருந்தது.

அப்போது அழுகை கேட்டது. கல்லறை மதில் பக்கமிருந்து இல்லை. ஓரமாகக் கிடந்த ஓட்டைத் தோணிக்குள்ளிருந்து.

மெல்லக் கிட்டே போனாள். உடைந்த பலகை வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. தோல் வெடித்து, வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த கை.

"தண்ணி" என்றது ஒரு குரல்.

படித்த ஜெபமெல்லாம் பறந்துவிட்டது. ஹில்டா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இனிகோ!" என்று கத்தினாள்.

கை புட்டியைப் பிடுங்கிக்கொண்டது. மடக் மடக் என்று குடிக்கும் சத்தம் கேட்டது.

"இனிகோவா? எம் பேரு வடிவு" என்றது குரல்.

ஹில்டா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். உள்ளே ஒரு பெண், மடியில் ஒரு பச்சைப்பிள்ளை.

வடிவு உப்பளத்தில் வேலை பார்த்தவள். தங்குகிற குடிசை அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தானாம். பிள்ளை பெற்றதும் போகச் சொல்லிவிட்டார்கள். புருஷன் வேம்பாறு பக்கம் வேலை தேடிப் போயிருந்தான்.

"தோணிக் காவக்காரன் கேட்டா வெரட்டிருவான். அதான் இவன் அழுதா வாயப் பொத்துதேன்" என்றாள் வடிவு.

"இங்கன எப்பக்கா வந்தீங்க?"

"முந்தாநேத்து."

ஹில்டா நாள் எண்ணிப் பார்த்தாள். அம்மா பத்து நாளுக்கு மேலாக அழுகையைக் கேட்கிறாள். அப்படியானால் அதற்கு முன்னால் அழுதது யார்?

புட்டியில் ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. ஹில்டா அதை வாங்கிக்கொண்டு கல்லறை மதிலோரம் போனாள். எந்த இடம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மணல். குத்துமதிப்பாக ஓர் இடத்தில் ஊற்றினாள்.

"இனிகோ, ஒம் பேரு இனிகோ. அம்மாவ விட்டுரு. பாவம்" என்றாள்.

மணல் தண்ணீரை உறிஞ்சியது. இத்தனை நாளும் ஓயாத காற்று, ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு மறுபடி வீசியது.

ஹில்டா வடிவை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மணல் புழுதிக்குள்ளிருந்து வெள்ளைக் கையும் பிள்ளையுமாக ஓர் உருவம் வருவதைப் பார்த்த பிளாரன்ஸ், "மாதாவே!" என்று மீன் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்று தெருப் பூனைகளுக்கு விருந்து.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. ஹில்டா பிள்ளையை வாங்கி அம்மா கையில் வைத்தாள். வைத்ததும் அது அம்மாவின் சேலையை நனைத்தது.

"பேய் ஒண்ணுக்குப் போகுமாம்மா?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஹில்டா அவள் காதோரம் வந்து, "தம்பிக்கு இனிகோன்னு பேரு வச்சிட்டேன்" என்றாள்.

"இனிகோ" என்று அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சேலையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏளா, பரண்ல கெடக்க துணி மூட்டைய இறக்கு. அடுப்புல தண்ணி போடு. வடிவுக்கும் எனக்கும் கஞ்சி ஊத்து. கருப்பட்டியும் எடு."

அடுத்த வாரம் வலி கண்டபோது துணி, பிளேடு, நூல் எல்லாம் தயாராக இருந்தன. ருகையா திட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் கொஞ்சம் திண்டாடினாள். பொம்பளைப் பிள்ளை பிறந்தது. பிறந்த வேகத்திலேயே அழுதது.

ஆனால் அன்று சாயங்காலமே அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பால் சுரக்கவில்லை. பிள்ளை அழுது அழுது குரல் தேய்ந்தது. ருகையா விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள், சீனித் தண்ணீர் புகட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த வீட்டிலேயே தங்கியிருந்த வடிவு எழுந்து வந்தாள். பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் அவள் மகன், ஒரு பக்கம் ஹில்டாவின் தங்கை.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுப் பால் ஊறும்வரை வடிவுதான் கொடுத்தாள். பிறகு அவள் புருஷன் செந்தூர்பாண்டி தேடி வந்தான். வேறு ஊர் உப்பளத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். இருவரும் விடியற்காலையில் கிளம்பினார்கள்.

"ஒனக்கு நான் என்னத்தளா தருவேன்?" என்று அம்மா கேட்டாள்.

"மொதல்ல நீ நல்லாச் சாப்பிடு மைனி" என்று சொல்லிவிட்டு வடிவு நடந்தாள். காற்று அவள் தடத்தையும் உடனே மூடிவிட்டது.

எந்த ஊர் உப்பளத்துக்குப் போனாள் என்று கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா இன்னும் போகிற வருகிறவர்களிடம் விசாரிக்கிறாள். ஹில்டா வீட்டார் வடிவுக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை: ஒரு வாரத்துத் தாய்ப்பால்.