வால் அறுத்த குதிரை

ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் தாடி என் மாமியாருக்கு முளைக்கட்டும்.

எங்கள் நாரின் மலைப்பக்கத்தில் ஒருவன் செத்தால், அவன் குதிரையின் வாலை அறுத்துவிடுவோம். வருஷம் முடியும்வரை யாரும் அதன்மேல் ஏறக்கூடாது. வருஷ விருந்தன்று வெட்டி ஊருக்கே கறி போடுவோம். அதே பகலில் விதவையின் கறுப்பைக் கழற்றி, வெள்ளைத் தலைக்கட்டு கட்டி, செத்தவனின் தம்பி கையில் பிடித்துக் கொடுப்போம். குதிரைக்கும் பெண்ணுக்கும் ஒரே முகூர்த்தம்.

ஜூரா என்பவளின் புருஷனுக்கான வருஷ விருந்து நாள் மழையோடு விடிந்தது... மீன்கள் கணவாய்வரை ஏறிவந்து வழி கேட்ட மழை. அதில் அவள், புருஷனின் வால் அறுத்த குதிரைமேல் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப்பக்கம் அவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் போனாள்.

ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். எதிரே உப்பு மூட்டை சுமந்த எருதோடு ஒருவன் வந்தான். பெயர் ஜோல்சு.

"பின்னால போம்மா. என் எருது திரும்பாது."

"நானும் திரும்ப மாட்டேன்."

"எருதுகிட்டகூடப் பேசிப் பார்க்கலாம் போலிருக்கே!"

அப்போதுதான் வாலைக் கவனித்தான். "ஐயோ... இது செத்தவன் குதிரையில்ல?"

"ஆமா. மத்தியானம் இதை வெட்டுவாங்க, என்னைக் கட்டிவைப்பாங்க. ரெண்டு பேருக்கும் அவசரம். வழி விடுய்யா."

அவள் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது... விழுமா, விழாதா? ஜோல்சுவுக்கு அதற்குமேல் மலையும் தெரியவில்லை, மழையும் தெரியவில்லை. கீழே நாய்கள் குரைத்தன. கொழுந்தன் மம்பெத் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான், ஓடிப்போன ஆட்டைக் கூப்பிடுவதுபோல.

மூட்டைகள் இருக்கும்வரை குதிரை நுழைய இடமில்லை. அந்த உப்பை விற்றால்தான் குளிர்காலம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு. கயிற்றை அவிழ்த்துவிட்டான். மூட்டைகள் பாதாளத்தில் உருண்டன. கீழே ஓடை வெகுகாலம் கரித்தது, மாடுகளுக்குக் கொண்டாட்டம்.

குதிரை உரசிக்கொண்டு கடந்தபோது அவள் முழங்கால் அவன் தோளில் பட்டது.

"என் கூடாரத்துக்கு வர்றியா?" என்றான், தரையைப் பார்த்தபடி. "அம்மா கிடையாது. முக்கியமா... தம்பி கிடையாது."

ஒரு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"யார் கூடாரம்னு கேட்டா ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஜோல்சு கூடாரம்னு..."

"ஜூரா கூடாரம்னு சொல்லணும்யா. ஓட்டையா இருந்தாலும் சரி."

"என்னைப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு..." கடிவாளத்தை எடுத்தாள். "அதான் பயம். பிடிக்காதவன்கிட்டேருந்து ஓடிடலாம். உன்கிட்டேருந்து எப்படி ஓடுவேன்?"

துளி விழுந்தது. குதிரையைத் தட்டினாள். மழை அவளை மூடிக்கொண்டது.

மூச்சிரைக்க மம்பெத் வந்தபோது, எருதைப் பாதையின் குறுக்கே நிறுத்தி ஜோல்சு உட்கார்ந்திருந்தான்.

"நகருடா!"

"என் எருது திரும்பாதுங்க," என்றான். முகம் முழுக்க ஈரம். மழைதான் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூரா கணவாயைத் தாண்டிப் போயே விட்டாள்.

அன்று மத்தியானம் விருந்தில் அந்தக் குதிரையின் விலாக்கறி என் பங்குக்கு வந்தது. இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து என் மாமியார் மோவாயைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.