இறங்காத பெயர்

மூடியிருக்க வேண்டிய ஓர் இணைப்பு திறந்திருந்தது. விஷயம் அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் ஒரு தட்டுத் தட்டி அதை மூடிவிட்டு, ஆறிப்போவதற்குள் பிளேன்டீயைக் குடித்திருப்பார்கள். தோட்டத்து ஆள்கணக்கு மென்பொருளை எழுதியவளே கிருஷாந்தி என்பதால் அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தோட்ட ஆபீசில் மத்தியானம் இரண்டரைக்கே லைட் போட்டிருந்தார்கள். பூண்டுலோயாப் பள்ளத்திலிருந்து ஏறிய பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் ஈரத்துணிபோல ஒட்டிக்கிடந்தது. தகரக்கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், ஃபாக்டரிப் பக்கமிருந்து வரும் வாடிய கொழுந்தின் வாசம், சுவரோரம் காயப்போட்ட கம்பளியின் வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் புதிதாக வெட்டிய மண்ணின் வாசம் ஒன்று. யாருடைய சப்பாத்திலோ ஒட்டி வந்திருக்கும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அது கொஞ்சம் கூடியிருந்தது.

திரையில் இரண்டு வரிகள். ஒன்று, ஆபீஸ் கம்பியூட்டர். அது கொழும்பில் இருக்கிற தரவுத்தளத்தோடு எந்நேரமும் இணைப்பில் இருக்கும். பேசி முடித்தாலும் வைக்காத ஃபோன் மாதிரி. இரண்டாவது வரியில் ‘டெப் 6’ என்றிருந்தது. திறந்த நேரம், காலை ஆறு நாற்பது.

டெப்புகள், அதாவது கங்காணிமார் மலைக்குக் கொண்டுபோகும் கைக்கணினிகள், அப்படி இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவை அல்ல. மலையில் சிக்னல் கிடையாது. அதனால் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட ஆட்கள் கூடி நிற்கும்போதே ஒவ்வொரு கங்காணியின் டெப்பும் தன் ஆட்களின் பெயர்ப் பட்டியலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். மலையைவிட்டு இறங்குகிறவர்களுக்கு எதிரே கங்காணி அந்தப் பிரதியில் ‘இறங்கினார்’ என்று குறிப்பார். சாயந்திரம் பிரதி ஆபீசுக்குத் திரும்பி, பெரிய பட்டியலோடு சேரும். இரண்டும் ஒத்துவராவிட்டால் பிரதி சொல்வதே செல்லும். அப்படித்தான் வேண்டும் என்று கங்காணிமார் ஒற்றைக்காலில் நின்றார்கள். மலையில் நிற்பவன் கண்ணால் கண்டதை ஆபீசில் குந்தியிருப்பவன் திருத்துவதா என்று கேட்டார்கள். கிருஷாந்திக்கும் நியாயமாகப் பட்டது.

ஆறாம் நம்பர் டெப் வீரய்யா கங்காணியுடையது. ஒன்பதாம் நம்பர் மலை சரிந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. அவருடைய ஆட்கள் பதினான்கு பேரும் தப்பினார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் மறுபடி மேலே ஏறி மண்ணுக்குள் போனார். ஏன் ஏறினார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழமை முழுக்கத் தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. மென்பொருளில் பிழை ஏதும் இல்லை என்று அறிக்கை எழுதத்தான் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று தோன்றியது. கிளாக்கர் லோஜன்மேல்தான் சந்தேகம். டவுனுக்குப் போயிருந்தவனுக்கு ஃபோன் எடுத்தாள்.

“ஆறாம் நம்பர் டெப் ஆரிட்ட இருக்குது, லோஜன்? உண்மையைச் சொல்லுங்கோ.”

“அது மண்ணுக்குள்ள கெடக்கு மிஸ். கங்காணி கையிலதான் வச்சிருந்தாரு. ஏன் மிஸ்?”

அவன் குரலில் திருட்டுத்தனம் இல்லை. இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இணைப்பைத் துண்டித்தாள். வரி மறைந்தது. வந்தது. மறுபடி துண்டித்தாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுகிற நேரம். வந்துவிட்டது.

அது என்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தாள். பதினான்கு பெயர்களில் ஒரே ஒரு பெயரை. வேலாயி.

கிழவி வேலாயி கிருஷாந்திக்கு நான்கடி தள்ளி, கேத்தலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மலை சரிந்த நாளிலிருந்து கொழுந்து எடுக்கப் போகமாட்டேன் என்று அழுததால், துரை அவளுக்கு ஆபீசில் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை கொடுத்திருந்தார். டெப் இவளிடம் இருக்குமோ? கிருஷாந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“வேலாயியம்மா, மலை சரிஞ்ச அண்டைக்குக் கங்காணியிட்டச் சொல்லிப்போட்டுத்தானே இறங்கினனீங்கள்?”

வேலாயி முந்தானையைக் கசக்கினாள். “இல்லீங்க மிஸ். வயித்துவலி தாங்க முடியல. கங்காணி அந்தக் கோடியில நின்னாரு. குறுக்குப்பாதையில எறங்கிவந்து லோஜன் ஐயாகிட்டதான் சொன்னேன். அவரு கம்பியூட்டருல போட்டுட்டாரு.”

கிருஷாந்தி திரைப்பக்கம் திரும்பினாள்.

ஆபீசுக்குத் தெரியும், வேலாயி இறங்கிவிட்டாள் என்று. கொழும்புக்கும் தெரியும். வீரய்யாவின் பிரதிக்கு மட்டும் தெரியாது. அது காலையிலேயே துண்டித்துக்கொண்டு மலையேறியது. பதின்மூன்று பெயருக்கு நேரே ‘இறங்கினார்’. ஒரு பெயருக்கு நேரே ‘மலையில்’. ஆள் எண்ணிக்கை சரிவராமல் மலையைவிட்டு இறங்குகிற கங்காணி அந்தத் தோட்டத்தில் இல்லை. மழையில் நின்று பட்டியலைப் பார்த்திருப்பார். திரும்பி ஏறியிருப்பார்.

“என்னையத் தேடித்தான் போனாரா மிஸ்?”

“தெரியேல்லை அம்மா,” என்றாள் கிருஷாந்தி. பொய். சொல்லும்போதே கூசியது. அவரைக் கொன்றது தான் எழுதிய பட்டியல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அடுத்த எண்ணம் வந்தது. அந்தப் பிரதி இன்னும் திரும்பி வந்து சேரவில்லை. சேர்ந்தால் அது சொல்வதே செல்லும்.

திரையில் வேலாயியின் வரி ஒருமுறை மினுங்கியது. ‘இறங்கினார்’ அழிந்தது. ‘மலையில்’ என்று வந்தது.

பின்னால் முக்காலி நகரும் சத்தம். வேலாயி எழுந்து, மூலையில் மடித்திருந்த, கொழுந்து எடுக்கப் போகும்போது கட்டும் சாக்குப் படங்கை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டினாள். இருபத்து மூன்று நாளாக அவள் அதைத் தொட்டதில்லை.

“எங்கை போறீங்கள்?”

“பேரு கூப்புடுறாங்க மிஸ்.”

“ஆர்?”

“கங்காணி.” ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். கண்கள் ஜன்னலில் இருந்தன. ஜன்னலில் பனிமூட்டம் மட்டும் இருந்தது.

கிருஷாந்தி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடி வளையல்கள் உள்ளங்கையில் அழுந்தின. விடவில்லை. இடது கையால் அவளைப் பிடித்தபடியே வலது கையால் தட்டினாள். இறங்கினார். சேமித்தாள்.

மலையில்.

இறங்கினார்.

மலையில்.

மண்வாசம் மூக்கை அடைத்தது. மணிக்கட்டு கதவுப் பக்கம் இழுத்தது. ஒரு கிழவியின் இழுப்பு அல்ல அது. கிருஷாந்தியின் நாற்காலி தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. லைட் ஒருமுறை மங்கியது. இறங்கினார் என்று அடித்தாள். சேமித்தாள். அது மாறுவதற்குள் குனிந்து, சுவரிலிருந்து வரும் இணைய வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

பச்சை விளக்கு அணைந்தது.

இழுப்பு நின்றது.

அவள் மூச்சுவிட்டாள். திரையைப் பார்த்தாள். வேலாயி, இறங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாறவில்லை. அழுகை வரும்போல இருந்தது.

“ஒண்டுமில்லை அம்மா. முடிஞ்சுது. இருங்கோ.”

பயந்திருப்பாள், பாவம். கை சில்லிட்டிருக்கிறது.

திரை மாறவில்லை.

ஏன் மாறவேண்டும்? வயரைப் பிடுங்கினால் ஆபீஸ் கம்பியூட்டரும் கடைசியாக எடுத்த பிரதியைத்தான் காட்டும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். அதன் பிறகு வெளியே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது?

வெளியே, உயரத்தில், பனிமூட்டத்துக்குள் யாரோ பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு குரல் கேட்டது. மெலிந்த குரல். வேலாயியின் குரல்.

“இருக்கேனுங்க.”

கிருஷாந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கைக்குள் மணிக்கட்டு அப்படியே இருந்தது. வளையல்கள் இல்லை. தடித்த எலும்பு. நனைந்த முடி. விரலிடுக்கில் நறநறவென்று மண்.

விட நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை.

அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டு வந்தது. நகமெல்லாம் பிய்ந்து, செம்மண் வழிய. அது ஆறாம் நம்பர் டெப்பை மேசையில் பத்திரமாக வைத்தது. உடைந்த கண்ணாடிக்கடியில் பட்டியல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பதினான்காவது பெயரான வேலாயிக்கு நேரே ‘மலையில்’. அதற்குக் கீழே, கங்காணி வீரய்யா, ‘இறங்கினார்’.