கோணாத மூக்கு

குப்பை எடுக்க வந்தவள் பேரழகியாக இருந்தாள். தெருவில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வில்லாக வளைந்த மெல்லிய புருவம், அலை அலையாகச் சீவி ஒரு பக்கம் விழவிட்ட பொன்னிறக் கூந்தல், கறுப்பை எட்டும் சிவப்பில் உதடுகள், தரையைக் கூட்டும் சாட்டின் கவுன். அந்தக் கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுத் தொட்டியை வண்டியில் கவிழ்த்தாள். கொஞ்சம் குப்பை வாசலில் சிந்திவிட்டது.

"கண்ணு என்ன பின்னாடியா இருக்கு? மூதேவி!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

அவள் மோவாயைச் சற்றே உயர்த்தி முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு துளி புறப்பட்டு, கன்னத்து மேட்டில் வந்து நின்றது. பிறகு குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த நீலாயதாட்சி அதைப் பார்த்தாள். உடனே தன் மூக்கைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பழைய பயம் போகவில்லை. இன்றைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் செவ்வாய் தோஷம் என்பதால், தென்குமிழ் நகரில் ஜாதகம் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். குமிழ் என்பது, காற்று வெளியே போகாதபடி ஊரின் மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கூரை. அதற்குள் தமிழர்கள் வந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. மனிதர்கள் இருக்கும் இடத்தில் தோஷம் ஒன்று வேண்டுமல்லவா? இங்கே அது அழகு.

முதலில் குடியேறியவர்கள் வீட்டு வேலைக்கு இயந்திரங்கள் செய்தார்கள். தோல், சூடு, குரல், குத்தினால் சிவப்பாக ஏதோ ஒன்று, எல்லாம் அச்சு அசல். இயந்திரத்தை மனிதர் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை வந்தது. நெற்றியில் எண் பொறிக்கலாம் என்றார் ஒருவர். பொட்டு வைத்து மறைத்துவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் யாரோ ஹாலிவுட்டின் கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகைகளின் படங்களை மேஜையில் பரப்பினார்கள். எல்லாரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். "பூமியில் பிறந்த எந்தப் பெண்ணும் இப்படி இருக்க முடியாது" என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

உண்மையில் அந்த நடிகைகளும் அப்படி இருந்ததில்லை. நெற்றி அகல முடியை வேரோடு களைந்து, புருவத்தை மழித்து வேறிடத்தில் வரைந்து, உதட்டை அதன் எல்லை தாண்டித் தீட்டி, உச்சியிலிருந்து விளக்கடித்து, லென்ஸின் மேல் மெல்லிய துணி போர்த்தி எடுத்த முகங்கள் அவை. நிஜமாக அழுதால் பூச்சு கலையும் என்று கண்ணோரம் கிளிசரின் சொட்டு வைத்தார்கள். அந்த ஒற்றைச் சொட்டையும் சேர்த்தே இயந்திரங்களுக்குள் பதித்துவிட்டார்கள். தாரகைகள் என்று பெயர் வைத்தார்கள். ஆண் இயந்திரங்களும் உண்டு. அவற்றைச் சட்டம் வெறும் இரும்பு முகத்தோடு விட்டுவிட்டது.

அன்று முதல் சீரான முகம் என்றால் வேலைக்காரி முகம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு பல்லாவது தூக்கியிருக்க வேண்டும். வரன் விளம்பரங்களில் 'ஒரு காது பெரியது' என்று பெருமையாகப் போட்டார்கள். தெருவுக்குத் தெரு கோணலகங்கள் முளைத்தன. பருக்களை நடுவார்கள், புருவத்தைக் கலைப்பார்கள், மச்சம் வைப்பார்கள்.

சில தாரகைகளும் ஓடிப்போய்த் திருட்டுத்தனமாக மூக்கைக் கோணலாக்கிக்கொண்டு மனிதர்களோடு கலந்துவிடுவதுண்டு. அவற்றைப் பிடிக்க மீட்பு வண்டி வரும். பிடிபட்ட முகத்தில் அளவைக் கூண்டை மாட்டுவார்கள். இதுவும் பழைய ஹாலிவுட் சரக்குதான். நடிகையின் முகத்தில் எங்கே குறை என்று ஒப்பனைக்காரர்கள் தேட, தலையைச் சுற்றி ஊசித் திருகுகளோடு செய்த இரும்புக் கூடு. இங்கே குறை இருந்தால் மனுஷி, இல்லாவிட்டால் உருக்காலை. ரத்தத்தைப் பரிசோதிக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு நேரமாகும், கூண்டு உடனே சொல்லிவிடும் என்று பதில் வந்தது.

நீலா பருவத்துக்கு வந்தபோது அவள் முகம் நாளுக்கு நாள் நேராகிக்கொண்டே போயிற்று. அம்மா செங்கமலம் நடுங்கிப்போனாள். மெழுகில் மூக்குக் கோணல், ஒட்டு மச்சம், ஒரு புருவத்தில் மட்டும் அடர்த்தி என்று தினமும் காலையில் அவளே மகளின் முகத்தைக் கெடுத்து அனுப்பினாள். அறுவை செய்து மூக்கை நிரந்தரமாக உடைக்க மட்டும் மனம் வரவில்லை. மகள் தூங்கும்போது அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது வெளியே சொல்லக்கூடிய ஆசையா என்ன?

"தலையை அப்படித் திருப்பாதடி, தாரகை மாதிரி இருக்கு. தோளும் சேர்ந்து திரும்பணும்," என்றாள் செங்கமலம், புடவை மடிப்பைக் கலைத்துவிட்டபடி. "கண்ணை மெதுவா மூடித் திறக்காதே. அவங்க ஏதாவது கேட்டா உடனே சொல்லிடாதே, கொஞ்சம் திக்கு."

"பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும்?"

மாப்பிள்ளை பரிதியும் அவன் தாய் வேதநாயகியும் வந்தார்கள். தகப்பன் இல்லை, சுரங்கத் தூசி நுரையீரலில் அடைத்துப் பையனின் சின்ன வயதிலேயே போய்விட்டார். வேதநாயகிக்கு எடுப்பான கோணல் மூக்கு, கன்னத்தில் தழும்பு, ஒரு பக்கம் இறங்கிய வாய். பெரிய இடத்துக்குரிய முகம். அப்படி ஒரு முகத்தைச் செங்கமலம் பொறாமையோடு பார்த்தாள்.

அல்லி பஜ்ஜித் தட்டை நீட்டினாள். அல்லி இந்த வீட்டுத் தாரகை. வேதநாயகி அவளை ஏறிட்டும் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டாள். பரிதி நீலாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான். அவன் முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. நீலாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதனால் பயம் இன்னும் கூடியது.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா," என்றாள் வேதநாயகி. "ஆனா எங்க சைடுல ஒரு வழக்கம். பொண்ணு எங்க முன்னாடி முகம் கழுவணும். இப்பல்லாம் மெழுகு மூக்கு ஜாஸ்தி பாருங்க."

"அதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி…" என்று இழுத்தாள் செங்கமலம்.

"அம்மா, விடும்மா," என்றான் பரிதி.

"நீ சும்மா இரு. ஏம்மா அல்லி, கிண்ணத்துல வெந்நீர் கொண்டா."

மறுத்தால் சந்தேகம், கழுவினால் நிச்சயம். நீலா கழுவினாள். மெழுகு இளகி விரலோடு வந்தது, மச்சம் தண்ணீரில் மிதந்தது. நிமிர்ந்தாள். சீரான நெற்றி, நேரான மூக்கு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்கிய கன்னங்கள். அவளுக்குப் பின்னால் நின்ற அல்லிக்குத் தங்கை மாதிரி இருந்தாள்.

"தாரகை!" என்று அலறினாள் வேதநாயகி. "தாரகையை என் பிள்ளை தலையில கட்டப் பார்த்தீங்களா?" கைவளையத்தில் இருந்த புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"ஐயோ, என் வயித்துல பொறந்த பொண்ணுங்க! பத்து மாசம் சுமந்தேங்க!" என்று செங்கமலம் அவள் காலில் விழுந்தாள். பொத்தானை அழுத்தியது அழுத்தியதுதான். திரும்பப் பெற வழியில்லை.

மீட்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மாசிலாமணி தொப்பையும் தூக்கக் கலக்கமுமாக இறங்கினார். இரண்டு இரும்பு முகங்கள் நீலாவைப் பிடித்துக்கொள்ள, அவர் கூண்டை எடுத்து அவள் தலையில் மாட்டினார். சில்லென்ற ஊசிகள் நெற்றியிலும் மூக்கிலும் மோவாயிலும் வந்து தொட்டன. மூச்சு விட்டால் குத்திவிடும் என்று அவள் மூச்சை அடக்கினாள்.

"ஒரு குறையும் இல்லை," என்றார் மாசிலாமணி. "ஏத்துங்க."

"நான் மனுஷி சார்!"

"எல்லாம் அதைத்தான் சொல்லுது."

வண்டியின் கதவு திறந்தது. உள்ளே காய்ந்த இரும்பு வாசனை. சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் உரித்த முகம் ஒன்று தொங்கியது. வில்புருவம், கறுஞ்சிவப்பு உதடு, கண் இருந்த இடத்தில் ஓட்டை. வண்டி குலுங்கியதில் எல்லாம் ஒரே மாதிரி மெல்ல ஆடின. கடைசிக் கொக்கி மட்டும் காலியாக இருந்தது.

நீலா பின்வாங்கப் பார்த்தாள், இரும்புக் கைகள் விடவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்வதுகூட மரியாதைதான். வாய் காது வரை கோணியது, முகம் முழுக்கச் சுருங்கிச் சிவந்தது, விக்கல் வந்தது. மூக்கிலிருந்து ஒழுகி மேலுதட்டைத் தாண்டி வாய்க்குள்ளேயே போயிற்று.

"நிறுத்து," என்றார் மாசிலாமணி. கிட்டே வந்தார். அவள் மூக்குக்குக் கீழே விரலால் தொட்டு, அதை வெளிச்சத்தில் பிடித்து ரத்தினம் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். "அட! மூக்கு ஒழுகுது. தாரகைக்குச் சொட்டுக் கண்ணீர்தாம்மா வரும். இழவு வீட்டுல நிறுத்தினாலும் சினிமாவுக்கு நிக்கிற மாதிரிதான் நிக்கும். இது மனுஷி. இறக்கி விடுங்கடா."

செங்கமலம் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். இருவரையும் மாசிலாமணி உள்ளே அழைத்து வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"புகார் கொடுத்தது யாரு? நீங்களா? பொய்ப் புகார்னா கொடுத்தவங்களையும் பார்க்கணும். சட்டம் அப்படி. கூண்டைப் போட்டா உங்க மூக்குக்கு உடனே பாஸ்தான். ஆனா அது இன்னைக்கு ஒருதடவை ஏமாத்திடுச்சு. அதனால கொஞ்சம் அழுது காட்டிடுங்க, நான் போறேன்."

"நான் எதுக்கு அழணும்?" என்றாள் வேதநாயகி.

"நெத்தியில பொட்டு இல்லையே, போயிட்ட வீட்டுக்காரரை நெனச்சு அழுங்களேன்." அவர் குனிந்து, கூண்டின் திருகுகளைத் தளர்த்திப் பெட்டியில் மடித்து வைக்கத் தொடங்கினார்.

நீலா பரிதியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு வேதநாயகியைப் பார்த்தாள்.

வேதநாயகியின் மோவாய் சற்றே உயர்ந்தது. தோள் அப்படியே இருக்க, முகம் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. கோணல் மூக்குக்கும் தழும்புக்கும் மேலே, இடது கண்ணில் ஒரு துளி திரண்டது. அது இறங்கி வந்து கன்னத்து மேட்டில் நின்றது. வலது கண் காய்ந்திருந்தது.

எது செய்யக் கூடாது என்பதையே இத்தனை வருடம் படித்தவள் நீலா. அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பரிதியைப் பெற்றவள் யாரோ, வளர்த்தவள் இது. எவனோ ஒரு சுரங்கக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, மூக்கை உடைத்துக்கொண்டு, கன்னத்தைக் கீறிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து வாழ்ந்திருக்கிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அந்தப் பயம் சில சமயம் பக்கத்தில் வருபவரைத் திருடன் என்று கத்த வைக்கும்.

சொல்லிவிடலாம். சற்றுமுன் தன்னை அந்த வண்டிக்கு அனுப்பியவள்தானே? ஆனால் காலிக் கொக்கி கண் முன்னால் ஆடியது. பரிதியின் உதடுகள் சத்தமில்லாமல் அம்மா, அம்மா என்று அசைந்தன. மாசிலாமணி பெட்டியை மூடிவிட்டு நிமிரப் போனார்.

"அத்தே!" என்று நீலா பாய்ந்து வேதநாயகியைக் கட்டிக்கொண்டாள். இன்னும் அடங்காத அழுகை மறுபடி பீறிட்டது. தன் கண்ணீர், எச்சில், மூக்கு ஒழுகல் எல்லாவற்றையும் அந்தக் கோணல் மூக்கில், தழும்பில், உதட்டில் நன்றாகத் தேய்த்தாள். "அழாதீங்க அத்தே! எல்லாம் முடிஞ்சு போச்சு அத்தே!"

மாசிலாமணி பார்த்தார். இரண்டு முகங்களும் ஈரத்தில் பளபளத்தன. வேதநாயகியின் மூக்கு நுனியிலிருந்து ஒன்று நீளமாகத் தொங்கியது.

"போதும் போதும், பார்க்கச் சகிக்கலை," என்று முகம் சுளித்தார். "ரெண்டு பேருமே மனுஷிங்கதான். சண்டை போடாம கல்யாணத்தை முடிங்க."

வண்டிச் சத்தம் தெருக்கோடியில் தேய்ந்தது. பரிதி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான். வேதநாயகி அவனைத் தடவிக் கொடுத்தாள். பிறகு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பொறுமையாக, ஒரு சொட்டு விடாமல். நாற்காலியில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்தாள். அல்லி நீட்டிய காபியை அல்லியைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். நீலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை வராவிட்டாலும், கண்ணாலாவது ஒன்று சொல்லுவாள் என்று காத்திருந்தாள்.

வேதநாயகி அவள் முகத்தை மேலிருந்து கீழ்வரை அளந்தாள்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு சம்பந்தி," என்றாள். "ஆனா இந்த மூக்கோட வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தி நல்ல கோணலகமாப் பார்த்து நிரந்தரமா உடைச்சிடுங்க. அது பொண்ணு வீட்டுச் செலவுதான், ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே. நாளைக்கு நாலு பேர் கூடற இடத்துல, வேலைக்காரியைக் கட்டிக்கிட்டு வந்துட்டான்னு எங்களை யாரும் பேசிடக் கூடாது பாருங்க."

செங்கமலம் மகளின் மூக்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அல்லி காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீலா பயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொக்கிகளைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் அது. கூண்டு தப்பாகச் சொல்லலாம், கண்ணீரும் தப்பாகச் சொல்லலாம். இனி அவளுக்குச் சந்தேகம் இல்லை. மாமியார் அசல் மனுஷிதான்.